பண்ணைப்புரம் டு புடாபெஸ்ட்!

உங்க மொபைல்ல எத்தனை பாட்டு இருக்கு ஃப்ரெண்ட்ஸ்? அதுல முதல் செகண்ட்லேர்ந்து கடைசி செகண்ட் வரைக்கும், விரல் ஸ்க்ரீன் மேல படாம முழுசா கேட்ட பாட்டு எத்தனை? கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க. ரீல்ஸ்ல 30 செகண்ட், பஸ்ல பாதிப் பாட்டு, ஹாஸ்டல்ல பக்கத்து ரூம்காரன் ஸ்பீக்கர் புண்ணியத்துல கால் பாட்டு... இவ்வளவுதானே நம்ம ‘மியூசிக் லவ்வர்’ வாழ்க்கை?

அதனால இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. ஒரே ஒரு பாட்டு. நீளம், ஏறக்குறைய 20 நிமிஷம். ஹீரோ கிடையாது, ஹீரோயின் கிடையாது, டூயட், குத்து எதுவும் கிடையாது. ரெக்கார்ட் வெளியான வருஷம் பாடினவருக்கு வயசு 62. பின்னணி வாசிச்ச ஆர்கெஸ்ட்ரா, ஹங்கேரி தலைநகர் புடாபெஸ்ட்டைச் சேர்ந்தது. பாட்டு வரிகளோட வயசோ ஆயிரத்துக்கும் மேல!

கண்டுபிடிச்சுட்டீங்களா? இளையராஜாவோட ‘திருவாசகம் இன் சிம்பொனி’. 2005-ல வந்த ஆல்பம். கிட்டத்தட்ட நம்ம செட்டு பிறந்த வருஷம். ஒரு வகையில நம்ம கிளாஸ்மேட்!

“ஐயோ, அது பக்திப் பாட்டாச்சே... வீட்ல பெரியவங்க கேக்கறது. அதுல சிம்பொனி வேற. நமக்கெல்லாம் புரியாதுப்பா”ன்னு பக்கத்தைத் திருப்பப் போறீங்களா? ஒரு நிமிஷம் இருங்க பாஸ். அந்த ‘நமக்கெல்லாம் புரியாதுப்பா’வைப் பத்திப் பேசத்தான் இந்தக் கட்டுரையே.

வயசானா வயலின் வருமா?

உலகம் பூரா பாட்டு எழுதி ஹிட் கொடுத்தவங்களுக்கு ஒரு கட்டத்துல ஓர் ஆசை வரும். கிட்டாரைக் கொஞ்சம் ஓரமா வெச்சுட்டு, பெரிய ஆர்கெஸ்ட்ராவோட உட்கார்ந்து, ‘இத்தனை வருஷம் ஓடினோமே, எதுக்கு?’ன்னு யோசிக்கிற மாதிரி ஓர் ஆல்பம் போடணும்! அமெரிக்க ராக் சூப்பர் ஸ்டார் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 2019-ல ‘வெஸ்டர்ன் ஸ்டார்ஸ்’னு ஓர் ஆல்பம் வெளியிட்டார். அப்போ அவருக்கு 69 வயசு. மார்க்கெட் போன பழைய சினிமா நடிகர், உடம்பெல்லாம் அடிபட்ட ஸ்டன்ட்மேன்னு அதுல வர்றவங்க எல்லாம் திரும்பிப் பார்க்கிற ஆளுங்க. கூடவே வயலின்களும் ஹார்ன்களும் அலை அலையா வரும்.

இளவயசுலயே இதைச் செஞ்சவங்களும் உண்டு. 1969-ல லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால்ல ‘டீப் பர்ப்பிள்’ங்கிற ராக் குழு, ராயல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோட ஒரே மேடையில வாசிச்சது. அந்தக் குழுவோட கீபோர்டு ஆள் ஜான் லார்டுதான் அதுக்கான இசையை எழுதினார். அந்த ஆர்கெஸ்ட்ரா பேரை மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. பின்னாடி நம்ம ஆளு கதையிலயும் வரும்!

ஆனா ஒரு விஷயம். ராக் உலகத்துல பெரும்பாலும் பாட்டுக்காரர் மெட்டு போடுவார். ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதித் தர்றவர் வேற ஒருத்தரா இருப்பார். 1966-ல பீட்டில்ஸ் போட்ட ‘எலினார் ரிக்பி’ பாட்டைக் கேட்டிருக்கீங்களா? அதுல வர்ற எட்டு தந்தி வாத்தியங்களுக்கு நோட்ஸ் எழுதினது அவங்க தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின். மெட்டு போட்ட பால் மெக்கார்ட்னிக்கு நொட்டேஷன் படிக்கத் தெரியாது. அது குத்தம் இல்ல. அவர் மெட்டு அவர் மெட்டுதான்.

நம்ம ராஜா இங்கதான் வித்தியாசப்படறார். மெட்டும் அவரே, ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதற கையும் அவருதே. அந்தக் கை எங்கேர்ந்து வந்ததுன்னு பார்த்தாதான், இந்த ஆல்பம் நமக்கு என்ன சொல்லுதுன்னு புரியும்.

லண்டன்ல பிறந்தவரா என்ன?

தேனி மாவட்டம் பண்ணைப்புரம். 1943-ல பிறந்த ராசையா. அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகள்ல பாடினவர். அந்தக் குழுவோட சேர்ந்து ஊர் ஊரா சுத்தி ஆர்மோனியம் வாசிச்சதுதான் நம்ம ராஜாவோட முதல் ‘காலேஜ்’. மைக் செட்டு, பெட்ரோமாக்ஸ் வெளிச்சம், எதிரே தரையில உட்கார்ந்த ஜனம். கேட்கிறவங்க எழுந்து போயிட்டா அன்னிக்கு நீங்க ஃபெயில். அப்படி ஒரு பரீட்சை!

1960-களோட கடைசியில சென்னைக்கு வந்தார். வயசு 25 வாக்கில். அங்க தன்ராஜ் மாஸ்டர்கிட்ட போய் மேற்கத்திய நொட்டேஷனைக் கத்துக்கிட்டார். அதாவது நாம டிகிரி முடிச்சு, ‘இனிமே புதுசா என்னத்தக் கத்துக்கிறது’ன்னு சலிச்சுக்கிற வயசுல, அவர் அஞ்சு கோடு போட்ட பேப்பர்ல அரிச்சுவடி படிச்சார். கிளாசிக்கல் கிட்டார்ல லண்டன் டிரினிட்டி காலேஜ் பரீட்சை எழுதித் தங்கப் பதக்கமும் வாங்கினார். நடுவுல ஜி.கே.வெங்கடேஷ்கிட்ட உதவியாளர் வேலை. அப்புறம்தான் 1976-ல ‘அன்னக்கிளி’. அதுக்குப் பிறகு நடந்தது உங்க அப்பா, அம்மாவுக்கே மனப்பாடம்!

சினிமா பிஸியா ஓடினப்பவே 1986-ல ‘ஹவ் டு நேம் இட்?’னு ஓர் ஆல்பம் போட்டார். பாட்டு வரியே கிடையாது. தியாகராஜருக்கும், ஜெர்மன் மேதை பாக்குக்கும் சமர்ப்பணம். அதுல ஒரு டிராக்ல பாக்கோட வயலின் பார்ட்டீட்டா ஓடிக்கிட்டே இருக்கும். அதோட கூட நம்ம கர்னாடக வயலின் பேச்சுக் கொடுக்கும். 1988-ல புல்லாங்குழல் மேதை ஹரிபிரசாத் சௌராசியாவோட ‘நத்திங் பட் விண்ட்’. ஆக, 2005-ல திடீர்னு ஒரு நாள் புடாபெஸ்ட்டுக்கு ஃப்ளைட் பிடிக்கல. 20 வருஷமா ரூட் போட்டுக்கிட்டே வந்திருக்கார்.

சர்க்யூட் டயக்ராம் மாதிரிதான் மச்சி!

இப்போ ஒரு சின்ன டெக்னிக்கல் கிளாஸ். எலெக்ட்ரானிக்ஸ் பசங்க நிமிர்ந்து உட்காருங்க!

ஆர்கெஸ்ட்ரா ஸ்கோர்னு சொல்றது ஒரு பெரிய டைமிங் டயக்ராம். இடமிருந்து வலமா நேரம் ஓடும். மேலேர்ந்து கீழே புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், ஹார்ன், டிரம்பெட், தாள வாத்தியம், வயலின், வயோலா, செல்லோ, டபுள் பாஸ்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரிசை. ஒரே நொடியில யார் வாசிக்கணும், யார் சும்மா இருக்கணும், எவ்வளவு சத்தம், வில்லால இழுக்கணுமா, விரலால மீட்டணுமா... எல்லாமே பேப்பர்ல. முன்னாடி குச்சியோட நிக்கிறாரே கண்டக்டர், அவர்தான் கிளாக் சிக்னல்!

இதுல ஒரு வம்பு வேற இருக்கு. சாதாரண பி-ஃப்ளாட் கிளாரினெட்ல ‘சி’ கேட்கணும்னா, பேப்பர்ல ‘டி’ன்னு எழுதணும். எஃப் ஹார்ன்ல அதே ‘சி’ வேணும்னா ‘ஜி’ன்னு எழுதணும். அந்த வாத்தியங்களோட வழக்கம் அப்படி. வயோலாக்காரர் படிக்கிற குறியீடு வேற, வயலின்காரர் படிக்கிற குறியீடு வேற. எழுதறவர் மனசுல எல்லாத்தையும் ஒரே சுருதியில கேட்டுக்கிட்டு, ஒவ்வொருத்தருக்கும் அவங்கவங்க பாஷையில மாத்தி எழுதணும். ஒரு இடத்துல பிசகினா மொத்தமும் அபஸ்வரம்.

புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை நடத்தினவர் லாஸ்லோ கோவாக்ஸ். மாணிக்கவாசகர் யாருன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்னு அவசியமே இல்ல. ‘இந்த இடத்துல மனசு உருகணும் சார்’னு தமிழ்ல சொன்னாலும் பிரயோஜனம் இல்ல. உருகறதைக் கூட பேப்பர்லதான் எழுதியாகணும். எழுதினார், வாசிச்சாங்க. பண்ணைப்புரத்துக்காரருக்கும் புடாபெஸ்ட்காரங்களுக்கும் நடுவுல இருந்த பாஷை அந்த நொட்டேஷன்தான். 25 வயசுல கூச்சப்படாம அரிச்சுவடியிலேர்ந்து கத்துக்கிட்ட பாஷை!

அப்படி என்ன இருக்கு அதுல?

பேர்ல சிம்பொனி இருந்தாலும், வகைன்னு பார்த்தா இது ‘ஆரட்டோரியோ’. அதாவது சமயப் பாடல்களைத் தனிக்குரல், கோரஸ், ஆர்கெஸ்ட்ரா மூணும் சேர்ந்து, நடிப்பு இல்லாம பாடற வடிவம். 1742-ல டப்ளின்ல அரங்கேறின ஹேண்டலோட ‘மெசையா’ இந்த வகையில ரொம்ப ஃபேமஸ்.

திருவாசகம் எழுதின மாணிக்கவாசகர் கதையும் நம்ம வயசுக்குச் சுவாரஸ்யமானதுதான். பாண்டிய மன்னனோட அமைச்சர். குதிரை வாங்கிட்டு வான்னு ராஜா கொடுத்த கஜானா பணத்தை, திருப்பெருந்துறையில கோயில் கட்டச் செலவழிச்சுட்டார்னு புராணம் சொல்லுது. கை நிறைய சம்பளம், பெரிய பதவி எல்லாத்தையும் விட்டுட்டு ‘நான் யாரு?’ன்னு கேட்டவர். 51 பகுதி கொண்ட அந்தப் புத்தகத்துல அவர் சாமியைப் புகழ்ந்த மாதிரியே தன்னோட குறைகளையும் பட்டியல் போடறார். அதுக்கு உருகாதவங்க வேற எதுக்கும் உருக மாட்டாங்கன்னு பழமொழியே இருக்கே!

அதுலேர்ந்து ஆறு பாட்டு இந்த ஆல்பத்துல. யாத்திரைப்பத்துல தொடங்கி, திருக்கோத்தும்பி, திருப்பொற்சுண்ணம்னு போய் அச்சப்பத்துல முடியும். நடுவுல ரெண்டாவதா வர்றதுதான் நம்ம 20 நிமிஷ டாஸ்க்: சிவபுராணத்துலேர்ந்து எடுத்த பாட்டு. புல், பூண்டு, புழு, மரம்னு எல்லாப் பிறவியும் எடுத்து இளைச்சுப் போனேன்னு ஒரு மனுஷன் சொல்ற இடம். அதைப் பாடறது யாரு? ஆயிரம் படங்களுக்கு மேல இசையமைச்சு, ஜெயிக்க வேண்டியதெல்லாம் ஜெயிச்ச ஒருத்தர். அவரோட கொஞ்சம் கரகரத்த குரல்ல, ‘நான் ஒண்ணும் பெரிய ஆளில்லை’ங்கிற அர்த்தம் வர்ற வரிகளைக் கேக்கறப்போ பக்தி இருக்கிறவங்களுக்கு ஒரு மாதிரி, இல்லாதவங்களுக்கு வேற மாதிரி... ஆனா ரெண்டு பேருக்கும் உள்ள ஏதோ ஒண்ணு நகரும்.

நடுநடுவே ஆங்கில வரிகள் வரும். எழுதினவர் ‘விக்கெட்’, ‘காட்ஸ்பெல்’ மேடை இசை நாடகங்கள்ல பேர் வாங்கின ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ். உண்மையைச் சொல்லணும்னா, கோயில்ல ஓதுவார் பண்ணோட பாடிக் கேட்ட காதுக்கு அந்த ஆங்கிலக் கோரஸ் சட்டுனு ஒட்டாது. எனக்கும் சில இடங்கள்ல இன்னும் ஒட்டல. ஆனா அந்தத் தமிழ் புரியாத ஊருக்கும் ஒரு கதவைத் திறந்து வைக்கணும்னு நினைச்சிருக்காங்கன்னு தெரியுது. இந்தத் திறந்த கதவு புதுசும் இல்ல. திருவாசகத்தை 1900-லயே இங்கிலீஷ்ல கொண்டு வந்தவர் ஜி.யு.போப், ஒரு கிறிஸ்தவப் பாதிரியார். அப்போ அவருக்கு வயசு 80! 2005-ல இந்த ஆல்பத்தைக் கொண்டு வந்த ‘தமிழ் மையம்’ அமைப்போட நிறுவனர் ஜெகத் கஸ்பர் ராஜும் ஒரு கிறிஸ்தவப் பாதிரியார்தான்.

ஏரியூர்ல இதெல்லாம் யாருக்குப் புரியும்?

நான் ஏரியூர்க்காரன். தர்மபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம். கீழே நாகமரைக்குப் போனா மேட்டூர் அணைத் தண்ணி, அக்கரையில பண்ணவாடி. எங்க ஊர்ல ஆர்கெஸ்ட்ரான்னா, திருவிழாவுக்கு வர்ற லைட் மியூசிக்தான் ஞாபகத்துக்கு வரும். ‘சிம்பொனி’ன்னு சொன்னா ‘அதெல்லாம் மெட்ராஸ்காரங்க, படிச்சவங்க சமாசாரம்’பாங்க. எங்க வீட்டுல முதல்ல இன்ஜினீயரிங் படிக்கப் போனவன் நான். அந்த ‘நமக்கில்லை’ங்கிற வார்த்தை எனக்கு நல்லாவே பழக்கம். இங்கிலீஷ்ல பேசற பசங்க, இன்டர்வியூ ஹால், ஏசி லைப்ரரி... எங்க போனாலும் அது நமக்கு முன்னாடி போய் உட்கார்ந்திருக்கும்.

ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. எங்க பக்கம் தெருக்கூத்து ராத்திரி ஆரம்பிச்சா விடியற வரைக்கும் நடக்கும். கட்டியங்காரன் வந்து சிரிக்க வெச்சு, வேஷம் ஒவ்வொண்ணா இறங்கி, கர்ணன் சாகறதுக்குள்ள கோழி கூவிடும். ஒரு ராத்திரி முழுக்க மண்ணுல உட்கார்ந்து பாட்டு கேட்ட ஜனத்தோட பேரனுக்கு 20 நிமிஷம் ஒரு பாட்டு கேட்கப் பொறுமை இல்லைன்னா, அது யார் தப்பு?

வாத்தியம் அந்நியம்னு சொல்றீங்களா? கூத்துல ‘பெட்டி’ன்னு சொல்றோமே ஆர்மோனியம், அது 19-ஆம் நூற்றாண்டு பிரான்ஸ்ல பிறந்தது. கர்னாடகக் கச்சேரியில இல்லாம முடியாத வயலின் ஐரோப்பாக்காரங்களோடது. முத்துசுவாமி தீட்சிதரோட தம்பி பாலுசுவாமி தீட்சிதர் கத்துக்கிட்டு நம்ம சங்கீதத்துக்குள்ள கொண்டு வந்தது. கிளாரினெட்ல நாகஸ்வர பாணியைக் கொண்டு வந்தார் ஏ.கே.சி.நடராஜன். வந்தவங்க எல்லாரையும் நம்ம வீட்டுப் பிள்ளை ஆக்கிட்டோம். ஆர்கெஸ்ட்ரா மட்டும் ஏன் விருந்தாளியாவே வாசல்ல நிக்கணும்?

எங்க தெருவுல கூத்துக்குப் பெட்டி போடற தாத்தா ஒருத்தர் இருக்கார். பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. அவர் காதுல என் ஹெட்போனை மாட்டி அந்தச் சிவபுராணப் பாட்டைப் போட்டுக் கொடுத்தேன். கண்ணை மூடிக் கேட்டார். முடிஞ்சதும் முதல்ல கேட்டது, எத்தனை பேர் வாசிக்கிறாங்கன்னுதான். அடுத்து அவர் சொன்னது எனக்கு அதுவரைக்கும் காதுலயே விழாத விஷயம். குரலுக்குக் கீழே ஒரு கனத்த தந்தி விடாம இழுத்துப் பிடிச்சிருக்கு, அதுதான் பாடறவரைத் தாங்குதுன்னு சொன்னார். செல்லோ, டபுள் பாஸ்னு பேரு தெரியாது அவருக்கு. ஆனா வேலை தெரியும். ஆயுசு பூரா ராத்திரி ராத்திரியா பாடறவனைத் தாங்கின கை ஆச்சே!

புரியறதுக்குப் பேர் தெரியணும்னு இல்லைங்க. உட்காரணும், கேக்கணும். அவ்வளவுதான்.

32 வருஷ வெயிட்டிங் லிஸ்ட்!

இன்னொரு கதையும் சொல்லிடறேன். ராயல் பில்ஹார்மோனிக்னு ஒரு பேரை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே? 1993-ல அதே ஆர்கெஸ்ட்ராவை வெச்சு லண்டன்ல ஒரு சிம்பொனி ரெக்கார்ட் பண்ணினார் ராஜா. ஜான் ஸ்காட் நடத்தினார். தமிழ்நாடே பெருமையா பேசிச்சு. ஆனா அது வெளியாகவே இல்லை. ஒரு மனுஷன் நொந்து போய் ‘போதும்’னு சொல்றதுக்கு அது ஒண்ணு போதாதா?

அவர் சொல்லல. நடுவுல திருவாசகம். அப்புறம் 2025 மார்ச் 8, லண்டன் ஈவென்டிம் அப்போலோ அரங்கம். அதே ராயல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா. நடத்தினவர் மிக்கெல் டாம்ஸ். ராஜாவோட ‘வேலியன்ட்’ சிம்பொனி, நாலு பகுதியா, பாட்டு வரியே இல்லாம, முறையான சிம்பொனி வடிவத்துல அரங்கேறிச்சு. எழுத எடுத்துக்கிட்டது 35 நாள்னு அவரே சொல்லியிருக்கார். அன்னிக்கு அவர் வயசு 81. முதல் முயற்சிக்கும் இதுக்கும் நடுவுல 32 வருஷம்! ரெண்டு அரியருக்கே வாழ்க்கை முடிஞ்ச மாதிரி மூஞ்சியைத் தொங்கப் போடற நண்பன் உங்க ரூம்ல இருந்தா, இந்தக் கணக்கை மட்டும் சொல்லுங்க.

கேக்கறது எப்படி?

சரி, டாஸ்க்குக்கு வருவோம். மொபைல் ஸ்பீக்கர் வேண்டாம். அதுல டபுள் பாஸ் சத்தமே வராது, பாதி ஆர்கெஸ்ட்ரா காணாமப் போயிடும். சாதாரண ஹெட்போன் போதும். நோட்டிஃபிகேஷன் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடுங்க. பென்னாகரம் வழியா தர்மபுரி போற பஸ்ல ஜன்னல் சீட்டு கிடைச்சா ரொம்ப விசேஷம். ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள பாட்டு முடிஞ்சுடும்.

முதல் தடவை, குரலை மட்டும் பிடிச்சுக்கிட்டு போங்க. தமிழ் கஷ்டமா இருந்தா திருவாசக உரை ஒண்ணை காலேஜ் லைப்ரரியில எடுத்துப் பக்கத்துல வெச்சுக்கங்க. ரெண்டாவது தடவை, எங்க ஊர்த் தாத்தா மாதிரி குரலை விட்டுட்டு அடியில ஓடற கனத்த சத்தத்தைத் தேடுங்க. மூணாவது தடவை, பாடறவர் மூச்சு விடற இடைவெளியில வயலின்கள் என்ன பதில் சொல்லுதுன்னு பாருங்க. மூணு தடவையும் மூணு பாட்டு கேட்ட மாதிரி இருக்கும்.

பிடிக்கலையா? தாராளமா ‘பிடிக்கல’ன்னு சொல்லுங்க. அது உங்க உரிமை. ஆனா கேக்காமலே ‘நமக்குப் புரியாது’ன்னு மட்டும் சொல்லாதீங்க. யாரோ நமக்குச் சொல்லிக் கொடுத்த பொய் அது. பண்ணைப்புரத்துல ஆர்மோனியம் வாசிச்ச ஒரு பையன்கிட்டயும் அதே பொய்யைச் சொல்லியிருப்பாங்க. அவர் நம்பல!